முட்டுக்கட்டை

பி.காம். படித்தவனை நம் குடும்பங்களில் எதற்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கல்யாண வீட்டில் மொய் எழுத. பேங்க் செலான் நிரப்ப. சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போனால், வட்டியோடு சேர்த்து எவ்வளவு போச்சு என்று கூட்டிச் சொல்லி அழுகையை ஆரம்பித்து வைக்க. கோவில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை எழுதி ஒட்டி, இரண்டு கோஷ்டியிடமும் திட்டு வாங்க. இந்த வரிசையில் எங்கேயும் டிராக்டர் வராது. ஆனாலும் 2025 தீபாவளிக்கு முன்னால் என் மாமா என்னைக் கூப்பிட்டது டிராக்டருக்குப் பெட்டி பார்க்கத்தான்.

"மாப்ளே, நீ ஒரு நடை வந்து பாரு. உனக்குத்தான் கணக்கு தெரியும்."

"மாமா, எனக்குத் தெரிஞ்சது டெபிட், கிரெடிட் மட்டும்தான்."

"அதேதான்டா. பெட்டியும் கிரெடிட்லதான் வாங்கப் போறோம்!"

மாமாவுக்குத் துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கிராமம். நெல் கொஞ்சம், மக்காச்சோளம் கொஞ்சம், சின்ன வெங்காயம் கொஞ்சம், கவலை நிறைய. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹாண்டில் 42 குதிரைத் திறன் டிராக்டர் ஒன்று வாங்கினார். உழவு சீசன் முடிந்தால் அது மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். வட்டி மட்டும் நிற்காது. பின்னால் ஒரு பெட்டி இருந்தால் எரு அடிக்கலாம், வெங்காய மூட்டை ஏற்றலாம், கட்டடம் கட்டுகிறவர்களுக்கு எம்-சாண்டும் செங்கல்லும் அடித்துக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்பது அவருடைய ஐந்தாண்டுத் திட்டம்.

பெட்டி என்று நாம் சொல்லுவது டிரெய்லரைத்தான். புறப்படுவதற்கு முன்னால், படித்தவன் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டாமா, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை ஒரு புரட்டுப் புரட்டினேன். டிராக்டர் என்பது, சட்டப்படி, தன் மேல் பாரம் சுமப்பதற்காக அமைக்கப்படாத ஒரு மோட்டார் வாகனம். இழுப்பதுதான் அதன் பிழைப்பு. சரி, நியாயம். பெட்டி? அதுவும் மோட்டார் வாகனமாம்! வேலை வெட்டி இல்லாவிட்டாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான் என்பது மாதிரி, எஞ்சினே இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் பெட்டி ஒரு மோட்டார் வாகனம். அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸிலும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இதை மாமாவிடம் சொன்னபோது, "டிராக்டருக்கு இருக்கிற இன்ஷூரன்ஸ் வாலுக்கும் சேர்த்து வராதா?" என்று கேட்டார். வராது.

லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல், திருச்செங்கோடு. பஸ்ஸுக்குப் பாடி கட்டக் கரூர். டிராக்டர் பெட்டிக்கு அப்படி ஒரு தலைநகரம் தேட வேண்டியதில்லை. வெல்டிங் மெஷினும் வேப்பமரமும் இருக்கிற இடமெல்லாம் பெட்டிப் பட்டறைதான். துறையூரைத் தாண்டி அப்படி ஒரு பட்டறைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். மாமா, நான், டிரைவர் அண்ணன். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயசு. முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வார்த்தைகளைத் தந்தியில் அனுப்பினால் காசு ரொம்ப ஆகாது.

பட்டறையில் ஏழெட்டுப் பெட்டிகள் சிவப்பு பிரைமர் பூசிக்கொண்டு வரிசையாக நின்றன. மாமா ஒவ்வொன்றின் தகட்டையும் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பட்டறைக்காரர், "எப்படி வேணும்ணே? டூ வீலா, ஃபோர் வீலா?" என்றார்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாலு சக்கரப் பெட்டி தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். கழற்றி விட்டால் சாதுவாக நிற்கும். ஆனால் அதை ரிவர்ஸ் எடுப்பதற்குள் டிரைவருக்குக் குலதெய்வம் ஞாபகத்துக்கு வந்துவிடும். முன் சக்கரம் தனியாகத் திரும்பும், பெட்டி தனியாகத் திரும்பும். இரண்டு சக்கரப் பெட்டி அப்படியல்ல. பாரத்தில் ஒரு பங்கை டிராக்டரின் கொக்கியில் இறக்கி வைக்கும். அந்த அழுத்தத்தால் டிராக்டரின் பின் சக்கரம் மண்ணை நன்றாகக் கவ்வும். சேற்றிலும் இழுக்கும். வயல்காட்டுக்கு இதுதான் தோது. ஹைட்ராலிக்கில் தூக்கிக் கொட்டவும் சுலபம்.

ஆனால் அந்தப் பங்கு சரியான பங்காக இருக்க வேண்டும். இதை விளக்க நான் காகிதம் பேனா எடுத்தேன். டிரைவர் அண்ணன் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"முன்பாரம், பின்பாரம்."

மாட்டு வண்டி ஓட்டிய வம்சத்துக்கு வேறு விளக்கம் எதற்கு? மூட்டையை முன்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மேலே போய் மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். டிராக்டரிலும் அதே கதைதான். கொக்கியில் பாரம் அதிகமானால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது தன் இஷ்டத்துக்குப் போகும். பெட்டியின் பின்னால் பாரம் அதிகமானால் கொக்கி மேலே தூக்கி, பின் சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். தாத்தா காலத்துப் பாடம். டயர் மட்டும்தான் புதுசு.

டூ வீல் என்று முடிவாயிற்று. அடுத்தது உயரம். வில்லங்கம் அங்கேதான் இருந்தது.

பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு பெட்டி நின்றது. "5 டன் பெட்டி" என்றார் பட்டறைக்காரர். மாமா அதைச் சுற்றி வந்தார். "இன்னும் ஒரு அடி தூக்கிக் கட்டினா?"

"கட்டிடலாம்ணே! எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. ரெண்டு நடையில அடிக்கிற லோடை ஒண்ணரை நடையில அடிச்சுரலாம்."

மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். இந்த இடத்தில் பி.காம். தலையாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கட்டட வேலையில் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள். மணல் ஒரு கன அடி ஏறக்குறைய 45 கிலோ. அப்படியானால் ஒரு யூனிட் நாலரை டன். இரண்டடிப் பெட்டியின் கொள்ளளவு 120 கன அடி. அதில் தலைதட்டி மணல் போட்டாலே 5,400 கிலோ. ஐந்து டன் ஏற்கெனவே தாண்டியாயிற்று. மூன்றடியாகத் தூக்கினால் 180 கன அடி. மணல் 8,100 கிலோ! அதே பெட்டியில் நெல்லைக் கொட்டினால் மூன்று டன் தேறினால் அதிகம். வைக்கோல் ஏற்றினால் பெட்டிக்குக் கூச்சம்கூட இருக்காது.

பெட்டிக்கு இது நெல், இது மணல் என்று தெரியாது. நிரம்பும் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நாமும் ஒரு பெட்டியை நிரப்பாமல் அனுப்புவதைப் பாவமாக நினைக்கிற ஜாதி. ஊறுகாய் ஜாடியையே தலைதட்டி நிரப்புகிறோம்! ஆக, பக்கப் பலகையின் உயரத்தை முடிவு செய்தால் எடையையும் அங்கேயே முடிவு செய்தாயிற்று. அப்புறம் 'பார்த்து ஏத்துப்பா' என்று சொல்வதெல்லாம் விருந்தில் சர்க்கரை வியாதிக்காரர் 'பாதி ஜாங்கிரி போடுங்க' என்று சொல்வது மாதிரிதான்.

"எட்டு டன் மாமா. பெட்டி ஒரு ஒண்ணரை டன். நம்ம டிராக்டர் ரெண்டு டன்கூட வராது."

"அதெல்லாம் இழுக்கும் மாப்ளே. 42 குதிரைடா!"

இழுக்கும். அதில் சந்தேகமே இல்லை. முதல் கியரில் போட்டால் மாமாவின் டிராக்டர் பச்சைமலையையே நாலு அடி நகர்த்தி வைத்தாலும் வைக்கும்.

மாமா விலை பேசப் போனார். நானும் டிரைவர் அண்ணனும் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, பெட்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இழுக்கிறது பெருசில்ல தம்பி. நம்ம ஏரிக்கரை இறக்கம் இருக்குல்ல... அங்க பிரேக் போட்டா டிராக்டர் நின்னுரும். பெட்டி நிக்காது."

அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அந்த இறக்கம் எனக்குத் தெரியும். மாமாவின் காட்டிலிருந்து ஊருக்கு வருகிற ஒரே வழி. ஏரிக்கரை மேலே கொஞ்ச தூரம் ஓடி, சட்டென்று கீழே இறங்கி, ஒரு வளைவு. வளைவு முடிகிற இடத்தில் பள்ளிக்கூடத்தின் கேட். சின்ன வயசில் விடுமுறைக்குப் போனபோது அந்த இறக்கத்தில் பழைய சைக்கிள் டயரை உருட்டிவிட்டு, அது எங்கே போய் விழுகிறது என்று பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் பள்ளிக்கூட கேட்டில்தான் போய் முட்டும்.

டிரைவர் அண்ணன் சொன்னதன் உள்ளே ஒரு சங்கதி இருக்கிறது. நம் ஊரில் ஓடுகிற சாதாரண டிராக்டரில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். அதிலும் இடது சக்கரத்துக்கு ஒரு பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பெடல். வயலில் சட்டென்று திரும்புவதற்கு ஒரு பக்கம் மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வந்தால் இரண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால், டிராக்டர் நிற்பதற்குப் பதிலாகத் திரும்பும். டிரைவர் அண்ணன் மறக்காமல் கொக்கி போடுகிறவர். எத்தனை பேர் போடுகிறார்கள் என்று நீங்களே அடுத்த முறை டீக்கடையில் நிற்கிற டிராக்டரை எட்டிப் பாருங்கள்.

பெட்டிக்கோ பிரேக்கே இல்லை. அந்தப் பட்டறையில் நின்ற ஏழெட்டில் ஒன்றில்கூட இல்லை. எகனாமிக்ஸில் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று ஒரு மந்திரம் சொல்லிக் கொடுப்பார்கள். அதைப் போட்டுப் பார்த்தேன். அதே வேகம், டிராக்டரின் அதே பிரேக். இரண்டு டன் டிராக்டர் தனியாக நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டுமோ, பெட்டியும் எட்டு டன் மணலும் சேர்ந்த பதினொன்றரை டன்னுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு தூரம் வேண்டும். இது சமதரையில். இறக்கத்தில் இன்னும் அதிகம். அதுவரைக்கும் பெட்டி சும்மா வராது. டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். நேராகத் தள்ளினால் புண்ணியம். வளைவில் கோணலாகத் தள்ளினால் டிராக்டரையே பக்கவாட்டில் திருப்பி, தானும் மேலே வந்து சாயும்.

நான் பட்டறைக்காரரிடம் போய், "இதுக்கு பிரேக் வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி என்ன பண்றீங்க?"

"பத்திரிகையில எழுதுறேன்."

"அதானே பார்த்தேன்" என்றார். பிறகு வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். வைக்கலாமாம். டிரம்மோடு பழைய லாரி ஆக்சில் கிடைக்கும். டிராக்டர் வேகம் குறைந்தால் பெட்டி முன்னால் வந்து முட்டும் அல்லவா, அந்த முட்டலையே பிரேக்காக மாற்றிவிடலாம். இழுக்கிற கம்பியைக் கொஞ்சம் உள்ளே போய் வரும்படி செய்து, அதைப் பிரேக் ஷூவோடு இணைத்தால், பெட்டி எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் ஒரு லீவரைப் போட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் போகாமல் அடம் பிடிக்கும். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. கோபக்காரனின் கோபமே அவனை அடக்குகிற ஏற்பாடு!

"இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டு ஏன் வைக்கிறதில்ல?"

"யாரு கேக்குறா? வர்றவங்க எல்லாம் எத்தனை டன் ஏத்தும்னுதான் கேக்குறாங்க. நிக்குமான்னு கேட்ட முதல் ஆளு நீங்கதான். பிரேக் வச்சா 28,000 ரூபா கூட ஆகும்."

பெட்டியின் விலை 1,85,000. இருபத்தெட்டாயிரம் என்ற எண்ணைக் கேட்டதும் மாமாவுடைய முகம் வெயிலில் வைத்த வடகம் மாதிரி சுருங்கியது. என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ளே, ஒரு நல்ல காரியத்துக்குக் கூட்டிட்டு வந்தா, ஆரம்பத்துலயே முட்டுக்கட்டை போடாதடா!"

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு வசதியாகப் போயிற்று.

தேர் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுக்க ஊரே வரும். ஆனால் தேரின் உயிர் இழுக்கிறவர்கள் கையில் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ஓடி, சரியான நேரத்தில் கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துகிறார்களே, திருப்புகிறார்களே, அவர்கள் கையில் இருக்கிறது. முட்டுக்கட்டை என்பது அவர்கள் போடுவது. அதைப் போய்க் காரியத்தைக் கெடுப்பதற்குப் பெயராக வைத்துவிட்டோம்! 96 அடி உயரத் திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்கள் வேலையை விடவில்லை, இன்னமும் கூடவே ஓடுகிறார்கள்.

"தியாகராஜருக்கே ரெண்டு பிரேக் மாமா. உங்க எம்-சாண்டுக்கு ஒண்ணு வேண்டாமா?"

"அது சாமி தேருடா" என்றார் மாமா. பிறகு, "சாமிக்கு டியூ கட்ட வேண்டியதில்ல" என்றார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. நான் பேப்பரில் போடுகிற கணக்கில் தவணை தேதி வராது. அவருடைய கணக்கில் மாதா மாதம் வரும். மூன்றடிப் பெட்டி இருந்தால் மணல் யார்டில் முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள். இரண்டடிப் பெட்டிக்காரனைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். இதோடு நான் இன்னொன்றையும் சொல்லி அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். விவசாயத்துக்கு என்று பதிவு செய்த டிராக்டரில் வாடகைக்கு மணல் அடித்து, ஏதாவது ஆகிவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கிற கேள்வி 'வண்டியில் என்ன இருந்தது' என்பதுதான். அன்றைக்கு முடிவாகாமல் திரும்பினோம். டிராக்டருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததைச் சொல்லி, "நான் டிராக்டர் வாங்குறப்ப மட்டும் எவனும் குறைக்க மாட்டான்" என்று வழி முழுக்க மாமா புலம்பிக்கொண்டு வந்தார். செகண்ட் ஹாண்டுக்கு அவர் ஜி.எஸ்.டி.யே கட்டவில்லை என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

பெட்டியில் மணலும் நெல்லும் மட்டுமா போகிறது? நம் கிராமங்களில் அது பஸ்ஸும்தான். குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட, காதுகுத்துக்கு, நாற்று நட, களை எடுக்க என்று ஜனம் ஏறிக்கொள்ளும். 2022 அக்டோபர் 1-ம் தேதி கான்பூர் பக்கம் கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24-ம் தேதி அதே உத்தரப்பிரதேசத்தில், காஸ்கஞ்ச் பக்கம், கங்கையில் குளிக்கப் போனவர்களின் பெட்டி. அதுவும் குளம்தான். அதுவும் 20-க்கு மேல். 2025 ஏப்ரல் 4-ம் தேதி மகாராஷ்டிராவில் நாந்தேட் மாவட்டத்தில் வயல் வேலைக்குப் போன பெண்கள் பெட்டியோடு கிணற்றுக்குள் விழுந்து 7 பேர் செத்துப் போனார்கள். விவசாய டிராக்டர் பாலிசியில் பெட்டியில் ஏறி உட்காருகிறவர்களுக்கு இடம் கிடையாது. மூட்டை விழுந்தால் கணக்குக் கேட்க ஆள் உண்டு.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சத்துணவு அமைப்பாளர். முருங்கைக்கீரைப் பொரியலை என் இலையில் வைத்துக்கொண்டே, "என்னப்பா, பெட்டி அமைஞ்சுதா?" என்று கேட்டாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ரசத்தைப் பார்த்தார். திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன், யாரும் கேட்காமலே, "பிரேக் வச்சா 28,000 கூடவாம்" என்றார்.

அத்தைக்குக் கொக்கி, டிரம், ஆக்சில் எதுவும் தெரியாது. இறக்கம் தெரியும்.

"பன்னண்டரை மணிக்கு மணி அடிச்சா நூத்திப் பத்துப் புள்ளைங்க தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடியாருது. கேட்டுக்கு உள்ளயா நிக்குது எல்லாம்? இறக்கத்துல உங்க பெட்டி வரும்போது நான் அங்கதான் கரண்டியோட நின்னுக்கிட்டு இருப்பேன்."

சொல்லிவிட்டு மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள். மாமா அதற்கப்புறம் ரசத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பட்டறையில் பிரேக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தார். ஆனால் மூன்றடி உயரத்தை விட மனசில்லை. "மக்காச்சோளக் கதிரும் வைக்கோலும் ஏத்த உயரம் வேணும்டா. அது எடையே இல்லையே!" என்றார். வாஸ்தவம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் அண்ணன் குறுக்கே வந்தார்.

"மேல் அடிக்குத் தகடு வேணாம். கம்பி வலை அடிங்க. கழட்டி மாட்டுற மாதிரி."

பட்டறைக்காரர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். வலையில் சோளக் கதிர் நிற்கும், வைக்கோல் நிற்கும், வெங்காய மூட்டை நிற்கும். மணல் நிற்காது! எவ்வளவு ஆசைப்பட்டுக் கொட்டினாலும் இரண்டாவது அடிக்கு மேலே ரோட்டில்தான் ஓடும். நான் டீக்கடை பில்லில் போட்ட அத்தனை கணக்குக்கும் சேர்த்து ஒரு வலை.

"செங்கல் நிக்குமே" என்றார் மாமா, மெதுவாக. யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

பில் போடுகிற நேரத்தில் பட்டறைக்காரர் கடமையாகக் கேட்டார். "பில்லோடயா, பில் இல்லாமயா?" பில் இல்லாத பெட்டிக்குப் பதிவு எண் கிடைக்காது, பதிவு எண் இல்லாத பெட்டியை இன்ஷூரன்ஸில் சேர்க்க முடியாது. இதில் நான் வாயைத் திறக்குமுன் மாமாவே, "பில்லோட போடுங்க, மாப்ள பி.காம்." என்றார். என் படிப்பு முதல் முறையாகக் குடும்பத்துக்குச் செலவு வைத்த சந்தர்ப்பம் அது.

கார்த்திகையில் பெட்டி வந்தது. நீலமும் ஆரஞ்சுமாகப் பெயின்ட். பின்கதவில் என்ன எழுதுவது என்று ஒரு சாயந்திரம் முழுக்க மாமா வீட்டில் மாநாடு நடந்தது. குலதெய்வம் பெயரா, தாத்தா பெயரா, 'உழவே உயிர்' என்பதா? எல்லாவற்றையும் எழுதினார்கள். பின் விளக்குக்கு இடம் இல்லை என்று பெயின்டர் சொன்னபோது, டிரைவர் அண்ணன் பேசாமல் போய் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சுருள் ஒன்று வாங்கி வந்து, தாத்தா பெயரின் மேல் பாதியை மறைத்து ஒட்டிவிட்டார். விளக்கையும் கீழே ஒரு கம்பி வைத்து மாட்டினார். ராத்திரியில் ரோட்டோரம் நிற்கிற பெட்டியில் பைக்கோடு போய் மோதியவர் ஒருவர் அவர் சொந்தத்தில் உண்டு என்று பிறகு அத்தை சொன்னாள்.

தை மாசம், சோளக்கதிர் லோடோடு பெட்டி முதல் தடவையாக ஏரிக்கரை இறக்கத்துக்கு வந்தபோது நானும் பொங்கலுக்குப் போயிருந்தேன். மாமா மட்கார்டில் உட்காரக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அதனால் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்து வந்தோம். இறக்கத்தின் நடுவே, எதுவும் குறுக்கே வராமல், டிரைவர் அண்ணன் வேண்டுமென்றே பிரேக் போட்டார். கம்பி உள்ளே போகிற சத்தம். அப்புறம் டிரம்மில் 'கிரீச்'. பெட்டி நின்றது.

மாமா போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார். "சத்தம் வருதே" என்றார்.

"வரட்டும்" என்றார் டிரைவர் அண்ணன்.

மணல் யார்டுக்காரர் இப்போது மாமாவை அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. குறைச்சு ஏத்துற வண்டி என்று பெயர் வந்துவிட்டது. எருவும் வெங்காயமும் சோளமும் அடித்துத் தவணையை எப்படியோ கட்டுகிறார்; இரண்டு மாசம் அத்தையின் சம்பளத்திலிருந்து போனது. யார்டு வேலையைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். மூன்றடிப் பெட்டி, முழுத் தகடு. அதுவும் அதே ஏரிக்கரை இறக்கத்தில்தான் வருகிறது. பன்னிரண்டரை மணிக்கு முன்னால் பள்ளிக்கூட கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் அத்தை இப்போது மணி அடிக்கச் சொல்கிறாள்.